மைக்கக்காவின் குரல் இருந்த பெட்டி

லிஃப்ட்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவர் மனைவியிடமிருந்துதான் தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. அவரும் அப்படித்தான். எந்தப் பேச்சை எடுத்தாலும் "எங்க வீட்டுல சொல்லுவாங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த அம்மாளுக்கு ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வேலை. காத்திருப்பவர்களை டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சேர்ந்த அன்றே அங்கிருந்த மைக் படுத்துவிட்டது. "மைக் எதுக்கு டாக்டர், நான் எதுக்கு இருக்கேன்?" என்று எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தாள். மாடிப்படியில் போன் பேசிக்கொண்டிருந்தவர், கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தவர் எல்லாரும் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அதில் ஒருவர் பக்கத்துக் கடைக்கு வந்தவர், அவருக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் அந்த மைக்கை ரிப்பேருக்கு அனுப்பவே இல்லை. அன்றிலிருந்து அவள் பெயர் மைக்கக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கார்டில் தேடினால்தான் உண்டு.

லிஃப்ட்காரர் அதற்கு நேர் எதிர். நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் வாய் வலிக்கும் என்கிற ஜாதி. லிஃப்ட் ரிப்பேர்தான் தொழில். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் ஓடுகிற அறையில், கிரீஸ் வாசனையில் பாதி ஆயுள் போயிற்று. வீட்டுக்கு வந்தால் அவள் பேசுவாள், இவர் கேட்பார். கிளினிக்கில் யார் ஊசிக்குப் பயந்து ஓடினார், யார் பல்செட்டை மறந்து வைத்துவிட்டுப் போனார், எல்லாம் வரும். "கேக்குறீங்களா, இல்ல சுவத்துகிட்ட பேசிட்டு இருக்கேனா?" என்பாள். "ம்" என்பார். அந்த ஒரு 'ம்'மில் அவர்கள் குடும்பம் நன்றாகவே ஓடியது.

அப்புறம் மைக்கக்காவுக்குத் தொண்டை கட்டியது. எல்லாருக்கும் கட்டுகிறதுதானே என்று விட்டார்கள். அது கட்டியபடியே இருந்தது. கடைசியில் பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும், உயிர் வேண்டுமானால் குரலை விட்டுவிடுங்கள் என்றார். லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மைக்கக்காதான் கேட்டாள், "அப்ப நான் இவரோட எப்படி டாக்டர் சண்டை போடுறது?"

ஆபரேஷனுக்கு முந்தைய அந்த நாட்களில் லிஃப்ட்காரர் ஒரு காரியம் செய்தார். நல்லதாக ஒரு ரெக்கார்டர் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். "பேசு" என்றார். "என்ன பேச?" என்றாள். "எப்பவும் பேசுறதை." குரல் கரகரத்திருந்தது, ஆனாலும் அவள் குரல்தான். அவளா அசருவாள்? பேசினாள். டோக்கன் கூப்பிட்டாள். மகளைத் திட்டினாள். அவரைத் திட்டினாள். பாதியில் "என்னங்க, இது ஓடுதா இல்லையா?" என்று கேட்டாள். மகளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. எப்போதோ பிறக்கப்போகிற குழந்தைக்கும் ஒன்று பேசி வைத்தாள்.

"ஏய் வாலு! என்ன முழிக்கிறே? உன் அம்மாவுக்கு அம்மா நான். உன் அம்மா உன்னைத் திட்டினா எங்கிட்ட வந்து சொல்லு, நான் அவளைத் திட்டுறேன். நீ என்னைப் பாக்கும்போது என்னால பேச முடியாது. ஊமைன்னு நெனச்சுடாதே. ஊர்லயே பெரிய வாய் என் வாய்தான், உன் தாத்தாவைக் கேளு. இந்தக் குரல்தான் நான். நல்லாக் கேட்டுக்கோ."

இதைப் பேசி முடித்துவிட்டு, ரெக்கார்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, அழுதாள். அழுகையும் உரக்கத்தான் அழுதாள். கீழ்வீட்டுக்காரர்கள் ஏறி வந்து கதவைத் தட்டினார்கள்.

இதெல்லாம் போய்ச் சேர்ந்த இடம்தான் அந்தப் பெட்டி. ஏதோ அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மேலும் கீழுமாக மாட்டி, லிஃப்ட்காரரே ஒரு வீட்டு சர்வர் கட்டியிருந்தார். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும். லிஃப்டும் இப்படித்தானே? ஒரே கம்பிவடத்தில் எந்த லிஃப்டும் தொங்குவதில்லை, ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும். மகளின் போனில் இருந்த அம்மாவின் பழைய குரல் செய்திகள், மாப்பிள்ளை எடுத்த வீடியோக்கள், ஒன்று விடாமல் வாங்கி இந்தப் பெட்டியில் சேர்த்தார். "போன்ல வச்சா தொலைஞ்சுடும், இங்க பத்திரமா இருக்கும்" என்று அவர்கள் போனிலிருந்து அழிக்கவும் சொன்னார். ரெக்கார்டரையும் அப்படியே காலி செய்தார்.

"அப்பா, இன்டர்நெட்லயும் ஒரு காப்பி போட்டு வைக்கலாமே" என்று மகள் கேட்டுத்தான் பார்த்தாள்.

"உங்க அம்மா என்னைத் திட்டினதை ஊரான் வீட்டுல கொண்டுபோய் வைக்கணுமா?" என்றார். நாலு வார்த்தை மனிதர் இத்தனை வார்த்தை பேசியதே பெரிசு என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆபரேஷன் ஆயிற்று. உயிர் பிழைத்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு, அதன்மேல் எப்போதும் மெல்லிய துணி. தொண்டையில் வைத்து அழுத்தினால் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை வைத்துப் பேசிப் பார்த்தாள். மாவு மெஷின் பேசுவது மாதிரி இருந்தது. மூடி பீரோவில் வைத்தவள் பிறகு தொடவில்லை. உதட்டை அசைப்பாள், லிஃப்ட்காரர் படித்துக்கொள்வார். கோபம் வந்தால் கை தட்டுவாள். அந்தத் தட்டிலும் அவள் பழைய அதட்டல் கொஞ்சம் இருந்தது.

மகள் உண்டாகி, பிரசவத்துக்கு இதுதான் மாதம் என்று ஆனபோது ஒருநாள் மைக்கக்கா அவர் தோளைத் தட்டினாள். "குழந்தைக்குப் பேசினேனே, அதை எடுத்து வைங்க. முதல்ல என் குரல்தான் கேக்கணும்" என்றது உதடு. முகம் முழுக்கச் சிரிப்பு. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தப் பதிவை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "நான் கேட்டா தாங்காது, அது அவனுக்கோ அவளுக்கோ பேசினது" என்பாள்.

லிஃப்ட்காரர் பெட்டியைத் திறந்தார். 'ஏய் வாலு' வந்தது. 'என்ன முழிக்கிறே' வந்தது. அத்தோடு நின்றது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கறக் சத்தம். கொஞ்சம் பொறுத்து மிச்சம் வந்தது, மறுபடி நின்றது. பெட்டி தன் கோளாறுகளைத் தானே எழுதி வைக்கிற குறிப்பைத் திறந்தால் வரிவரியாக ஒரே புலம்பல்: இரண்டாவது டிஸ்க்கில் படிக்க முடியவில்லை, இரண்டாவது டிஸ்க்கில் படிக்க முடியவில்லை.

அந்த நிமிஷமே அந்தப் பதிவை எடுத்து வேறு எங்காவது ஒரு நகல் போட்டிருக்கலாம். ஒரு பென் டிரைவ் போதும். இதை நினைத்தால் நமக்கே ஆத்திரம் வருகிறது. ஆனால் மெக்கானிக்குக் கோளாறைக் கண்டால் கை சும்மா இருக்குமா? முதலில் கோளாறு, மற்றதெல்லாம் அப்புறம். இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்கிற தைரியம் வேறு.

லிஃப்ட் வேலையில் இது அரிச்சுவடி. கெட்டது பாகமா வயரா என்று தெரியவில்லையென்றால், நல்லதையும் சந்தேகப்பட்டதையும் மாற்றி மாட்டிப் பார். கோளாறு பாகத்தோடு போனால் பாகம் கெட்டது, இருந்த இடத்திலேயே நின்றால் வயர் கெட்டது. டிஸ்க்குகளைக் கழற்றித் தட்டு மாற்றுவது பெரிய வேலை என்று, வயர்களை மட்டும் மாற்றிக் குத்தினார். மேல் டிஸ்க்கின் வயர் கீழே, கீழ் டிஸ்க்கின் வயர் மேலே. பெட்டியை ஓட்டினார். இப்போது குறிப்பு வேறு மாதிரி புலம்பியது: முதல் டிஸ்க்கில் படிக்க முடியவில்லை.

"வயர் இல்ல, டிஸ்க்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரொம்பச் சரி. அதுவரை அவர் செய்தது அத்தனையும் சரி. அப்போது பார்த்துப் போன் அடித்தது. ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். போட்டது போட்டபடி ஓடினார்.

மறுநாள் புது டிஸ்க் ஒன்றோடு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார். திரையில் என்ன இருக்கிறது? முதல் டிஸ்க். பெட்டியில் மேல் தட்டில் அவரே என்றைக்கோ ஒட்டிய சீட்டு: ஒன்று. வயரை மாற்றிக் குத்தினோமே, பெட்டி இப்போது 'முதல்' என்று சொல்வது கீழே இருக்கிறதை அல்லவா? பாவி மனுஷனுக்கு அது மறந்தே போயிற்று. டிஸ்க்கின் முதுகில் சீரியல் நம்பர் பொடி எழுத்தில் இருக்கிறது, ஒத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. கண்ணாடி அடுத்த அறையில் இருந்தது. மேல் தட்டிலிருந்து டிஸ்க்கை உருவினார். உருவியது நல்ல டிஸ்க். கெட்டது பத்திரமாகக் கீழே இருந்தது.

அதோடாவது நிறுத்தினாரா? இங்கேதான் அவர் தொழில் அவர் குடியைக் கெடுத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தில் கதவுப் பூட்டின் பழைய பாகம் ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். யாரோ நல்லதென்று நினைத்து அதை இன்னொரு மாடியில் மாட்டிவிட்டார்கள். லிஃப்ட் வராமலே கதவு திறந்துகொண்டது. கூட வேலை பார்த்த சிநேகிதர் உள்ளே இருட்டில் கால் வைத்தார். அவர் உடம்பைக் கீழேயிருந்து தூக்கியவர்களில் லிஃப்ட்காரரும் ஒருவர். அன்றிலிருந்து கழற்றிய எதையும் முழுசாக விடமாட்டார். வயரென்றால் வெட்டுவார், பலகையென்றால் உடைப்பார், கையோடு, அந்த இடத்திலேயே. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லுவார். அதனால் எத்தனை பேர் உயிர் தப்பினார்களோ, யார் கண்டது?

புது டிஸ்க்கை மேல் தட்டில் மாட்டிப் பெட்டியை ஓட்டினார். கீழ் டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கத் தொடங்கியது. அது நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே டிரில் மெஷினை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். உருவிய டிஸ்க்கைப் பலகைமேல் வைத்தால் வழுக்கியது.

"கொஞ்சம் வந்து புடி" என்றார்.

மைக்கக்கா வந்தாள். தூள் பறக்கும் என்று அவள் கழுத்துத் துணிமேல் இன்னொரு துணியை அவரே கட்டிவிட்டார். "என்ன இது?" என்று உதடு கேட்டது. "கெட்டது. இனி யாரும் மாட்டக் கூடாது." அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் நடுவில் ஒன்றும் பக்கத்தில் இரண்டுமாகத் துளை போட்டார். டிரில் போட்ட சத்தத்துக்கு அவள் முகத்தைச் சுளித்துச் சிரித்தாள். பளபளவென்று சுருள்சுருளாக வந்த தூளை அவளே பெருக்கி அள்ளிக் குப்பையில் போட்டாள்.

உள்ளே வந்தபோது பெட்டி கறக் கறக் என்றது. நகல் பாதிகூட ஆகவில்லை. நகல் எடுக்க முழுசாக வாசித்தாக வேண்டும், வாசிக்க முடியாமல் இழுத்துக்கொண்டு கிடந்த டிஸ்க் அந்தப் பாரத்தில் செத்தது. தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. நல்ல டிஸ்க் ஏன் சாக வேண்டும்? லிஃப்ட்காரர் அடுத்த அறைக்குப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். கீழ் டிஸ்க்கை உருவினார். குறிப்பில் புலம்பிய நம்பரையும் டிஸ்க்கின் நம்பரையும் ஒத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். இரண்டும் ஒன்றேதான்.

சமையலறையிலிருந்து மைக்கக்கா கை தட்டினாள், சாப்பிட வரச் சொல்லி. "டிஸ்க் காப்பி ஆயிட்டிருக்கு" என்றார் இவர். அதுதான் அவர் அவளிடம் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன்.

இரண்டு டிஸ்க்கையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குப் போனார். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். கீழ் டிஸ்க்கைச் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே தகடெல்லாம் சுரண்டிப் போய்விட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்றார். இன்னொன்றைக் கையில் எடுத்து, மூடியைக் கழற்றி, துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார்.

"யார் சார் இதுல ஓட்டை போட்டது?"

"நான்தான்."

"இது நல்ல டிஸ்க் சார். ஓட்டையைத் தவிர தகட்டுல ஒரு கீறலும் இல்லை. அப்படியே கொண்டுவந்திருந்தா பத்து நிமிஷத்துல எடுத்துக் கொடுத்திருப்பேன்." சொன்ன பிறகுதான் எதிரே நின்றவர் முகத்தைப் பார்த்தார். "உக்காருங்க சார், தண்ணி குடிங்க" என்றார். லிஃப்ட்காரர் உட்காரவில்லை. துளை போட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதே துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மகளிடமும் மாப்பிள்ளையிடமும் முதலில் சொன்னார். மாப்பிள்ளை வீட்டையே தலைகீழாகப் புரட்டினார். பழைய போன்கள் கடைக்குப் போய்விட்டிருந்தன. இருந்தது கல்யாண வீடியோ ஒன்றுதான். மூன்று பேரும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்கள். எங்கே பார்த்தாலும் மைக்கக்கா, எங்கே பார்த்தாலும் வாய் திறந்திருக்கிறது, யாரையோ அதட்டுகிறாள், யாரையோ கூப்பிடுகிறாள். வீடியோ எடுத்தவர் பேச்சுச் சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மேலே சினிமாப் பாட்டுப் போட்டிருந்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க அழிக்கச் சொன்னீங்களேப்பா" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம் என்று இருந்திருக்கும்.

"மாமா, அத்தைகிட்ட நாங்க சொல்றோம்" என்றார் மாப்பிள்ளை.

"வேண்டாம். நானே சொல்றேன்."

வீட்டுக்கு வந்தவர் துணியை அவிழ்த்து டிஸ்க்கை மேசைமேல் வைத்தார். மைக்கக்கா எதிரில் உட்கார்ந்தாள். அவள் என்ன முட்டாளா? மனுஷன் சில நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் சொன்னார். வயரை மாற்றியது, மேல் தட்டு, கீழ் தட்டு, எல்லாம் சொன்னார். வாழ்நாளில் ஒரே மூச்சில் அவர் அத்தனை பேசியது அன்றைக்குத்தான். அவள் அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அன்னைக்கு நான் புடிச்சுக்கிட்டு இருந்தேனே, அதா?" என்று உதடு கேட்டது.

"ஆமா" என்றார்.

மைக்கக்கா அழுதாள். வாய் அகலமாகத் திறந்திருந்தது, தோள் குலுங்கியது, கழுத்துத் துணி மட்டும் மேலும் கீழும் படபடத்தது. சத்தமே இல்லை. கீழ்வீட்டிலிருந்து யாரும் ஏறி வரவில்லை. அவர் கையை நீட்டியபோது தட்டிவிட்டாள். இரண்டு கையாலும் அவர் மார்பில் அடித்தாள், அடித்த கையாலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டாள். அவரும் அழுதார். அந்த வீட்டில் அவர் அழுகை மட்டும்தான் கேட்டது, அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரி அறையில் துணியில் சுற்றி முதலில் மைக்கக்காவின் கையில்தான் கொடுத்தாள் மகள். மைக்கக்கா குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்தாள். உதடு அசைந்தது. லிஃப்ட்காரர் படித்தார்: ஏய் வாலு, என்ன முழிக்கிறே. ஒரு வார்த்தை மாறாமல் அத்தனையும் சொல்லிக்கொண்டு போனாள். குழந்தை எங்கோ பார்த்துக்கொண்டு கிடந்தது. சத்தமே இல்லாததால் அந்தப் பக்கம் யாரோ பேசுகிறார்கள் என்றே அதற்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரருக்கு ஒரு செருமல் வந்துவிட்டது. குழந்தை சட்டென்று தலையைத் திருப்பி அவர் இருக்கிற பக்கம் பார்த்தது.

மைக்கக்கா பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அவர் கையில் கொடுத்தாள். "பேசுங்க, நீங்க பேசினா கேக்குது" என்றது உதடு.

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அந்தப் பேச்சு அவருக்கு மனப்பாடம். எத்தனையோ மதியங்களில் மோட்டார் அறையில் உட்கார்ந்து, வீட்டுப் பெட்டியிலிருந்து போன் வழியாக ஓடவிட்டு, காதில் வைத்துக் கேட்டதுதான். வாயைத் திறப்பதற்கு முன்னால், அவள் அதை எப்படிச் சொன்னாள் என்று மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். 'ஏய் வாலு' வந்தது. வார்த்தைக்கு வார்த்தை வந்தது. ஆனால் மனசுக்குள் கேட்டது அவருடைய குரல், அவள் குரல் இல்லை. மறுபடி முயன்றார். டோக்கன் கூப்பிட்டதை நினைத்தார், தன்னைத் திட்டியதை நினைத்தார். எல்லாம் அவர் குரலிலேயே வந்தது.

மைக்கக்கா அவர் கையைத் தொட்டாள். "என்னங்க, என் குரல் உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?" என்று உதடு கேட்டது.

"இருக்கு" என்றார் லிஃப்ட்காரர். அவள் அவர் முகத்தைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.